பிடித்த முயலுக்கு எத்தனை கால்? எட்வின் லேண்டின் மூன்று பிடிவாதங்கள்

தொழில்முனைவோரின் குணங்களைப் பற்றி எழுதுபவர்கள் வழக்கமாக ஒரு வெற்றியாளரைப் பிடித்துக்கொள்கிறார்கள். விடாமுயற்சி, துணிவு, தொலைநோக்கு என்று அவரிடம் கண்டவற்றை வரிசையாக அடுக்குகிறார்கள். அதே விடாமுயற்சியோடும் துணிவோடும் இறங்கிக் கடனில் மூழ்கியவர்களை யாரும் பேட்டி காண்பதில்லை. அதனால் அந்த வரிசை ஒருபோதும் தவறாவதில்லை. எதையும் விளக்குவதும் இல்லை.

இந்த ஆய்வுக்கு வேறு வழியைத் தேர்ந்துகொண்டேன். ஆளை மாற்றாமல் அவருடைய முயற்சிகளை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பது. எடுத்தவுடனே படம் தரும் கேமராவால் பெயர்பெற்ற போலராய்டு நிறுவனத்தைத் தோற்றுவித்த எட்வின் லேண்ட் இதற்குப் பொருத்தமான மனிதர். அவர் வாழ்நாளில் மூன்று முயல்களைப் பிடித்தார். மூன்றுக்கும் மூன்றே கால் என்று சாதித்தார். முதல் பிடிவாதம் ஏறத்தாழ இருபது ஆண்டு இழுத்துத் தோற்றது. இரண்டாவது, உலகில் இல்லாத ஒரு தொழிலை உருவாக்கியது. மூன்றாவது அவரையே நாற்காலியிலிருந்து இறக்கியது. குணம் ஒன்றுதான் என்றால் விளைவை மாற்றியது எது?

மனிதர்

லேண்ட் 1909இல் அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில் பிறந்தார். ஹார்வர்டில் சேர்ந்து, சில மாதங்களிலேயே வெளியேறி, நியூயார்க் பொது நூலகத்தில் ஒளியியல் படித்தார். சோதனை செய்ய இடமில்லாததால் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆய்வகத்துக்குள் இரவில் யாருக்கும் தெரியாமல் நுழைந்து வேலை பார்த்தார். அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. பிறகு ஹார்வர்டுக்குத் திரும்பினார். பட்டம் வாங்காமலேயே 1932இல் மீண்டும் வெளியேறினார். எல்லாரும் அவரை "டாக்டர் லேண்ட்" என்றே அழைத்தார்கள். அது கௌரவப் பட்டங்களால் வந்த டாக்டர்.

அந்த இரவு வேலையின் பலன் ஓர் எளிய தாள். ஒளியலைகள் எல்லாத் திசைகளிலும் அதிர்பவை. சில படிகங்கள் ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விட்டு மற்றதைத் தடுக்கும். அப்படிப்பட்ட ஒரு படிகத்தைப் பெரிதாக வளர்க்க அறிவியலாளர்கள் பல பத்தாண்டுகள் முயன்றார்கள். வளர்ந்ததும் அது நொறுங்கியது. லேண்ட் கேள்வியைத் திருப்பிப் போட்டார். பெரிய படிகம் எதற்கு? கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான சிறு படிகங்களை ஒரே திசையில் வரிசைப்படுத்தி ஒரு படலத்தில் பதித்தால் போதாதா? போதுமானதாக இருந்தது. 1929இல் அதற்குக் காப்புரிமை கோரினார். வாழ்நாள் முடிவில் அவர் பெற்றிருந்த காப்புரிமைகள் 500ஐத் தாண்டின.

உளவியலார் ஆளுமையை ஐந்து அளவுகோல்களில் அளக்கிறார்கள்: புதியவற்றுக்கு மனம் திறத்தல், பொறுப்புணர்வு, வெளிமுக நாட்டம், இணக்கம், உள்ளக் கொந்தளிப்பு. ஜாவோ, சைபர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் தொழில்முனைவோரையும் மேலாளர்களையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளைத் திரட்டி 2006இல் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டார்கள். அதன்படி, தொழில்முனைவோர் மனம் திறத்தலிலும் பொறுப்புணர்விலும் மேலாளர்களைவிட உயர்ந்தும், இணக்கத்திலும் கொந்தளிப்பிலும் தாழ்ந்தும் இருந்தார்கள். வெளிமுக நாட்டத்தில் வேறுபாடு இல்லை. தொழில் செய்ய நன்றாகப் பேசத் தெரிய வேண்டும், நாலு பேரோடு பழகத் தெரிய வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் இந்த இடத்தை இன்னொரு முறை படிக்கலாம்.

பொறுப்புணர்வு பற்றிய நுட்பம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த அளவுகோலுக்குள் இரண்டு சரடுகள் உண்டு. ஒன்று சாதிக்கும் வேட்கை. மற்றது ஒழுங்கு, நேரந்தவறாமை, சொன்னதைச் செய்யும் நம்பகத்தன்மை. தொழில்முனைவோருக்கும் மேலாளர்களுக்கும் இடையிலான வேறுபாடு பெரும்பாலும் முதல் சரடில்தான் இருந்தது. லேண்ட் இதற்கு அச்சு அசலான உதாரணம். ஒரே உடையில் நாள்கணக்கில் ஆய்வகத்தில் கிடப்பார். உதவியாளர்கள் முறை மாற்றிக்கொண்டு அவருக்கு ஈடுகொடுப்பார்கள். பட்டத்துக்குத் தேவையான சில பாடங்களை மட்டும் முடிக்க மாட்டார்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். லேண்டைப் பற்றி நான் இங்கே சொல்லும் குணமதிப்பீடு வினாப்படிவத்தில் கிடைத்த மதிப்பெண் அல்ல. அவருடைய நடத்தையிலிருந்து எடுத்த ஊகம். அதன் எல்லைக்குள் வைத்தே வாசிக்க வேண்டும்.

முதல் முயல்: எதிரே வரும் வண்டியின் விளக்கு

அந்தத் தாளை லேண்ட் எதற்காகக் கண்டுபிடித்தார் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். இரவில் எதிரே வரும் வாகனத்தின் வெளிச்சம் ஓட்டுநரின் கண்ணைக் கூசச் செய்கிறது. அதனால் உயிர்கள் போகின்றன. எல்லா வண்டிகளின் முகப்பு விளக்கிலும் முன்கண்ணாடியிலும் இந்தத் தாளை ஒரே சாய்வில் ஒட்டிவிட்டால், எதிரே வரும் வண்டியின் ஒளி குறுக்குச் சாய்வில் வந்து தடைபடும். நம் விளக்கு பட்டுத் திரும்பும் ஒளி மட்டும் நம் கண்ணுக்கு வரும். அறிவியல் பிசகற்றது. அதை மோட்டார் நிறுவனங்களிடம் விற்பதே தம் வாழ்க்கைப் பணி என்று அவர் நம்பினார். 1937இல் போலராய்டு நிறுவனம் உருவானபோது முதலீட்டாளர்கள் மயங்கியதும் இந்தக் கனவில்தான். வாக்குரிமைக் கட்டுப்பாட்டை அவர்கள் லேண்டிடமே விட்டார்கள்.

மோட்டார் நிறுவனங்கள் சோதித்தன, தள்ளிப்போட்டன, மறுபடி சோதித்தன. 1947இல் முடிவாக மறுத்தன. தாள் ஒளியில் பாதிக்கு மேல் விழுங்கியதால் விளக்கின் ஆற்றலைக் கூட்ட வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய சிக்கல் பொருளாதாரத்தில் இருந்தது. என் வண்டியின் விளக்கில் நான் தாள் ஒட்டினால் பயன்பெறுபவர் எதிரே வருபவர். எனக்கு ஒன்றும் கிடைக்காது. எல்லா வண்டிகளும் ஏறத்தாழ ஒரே காலத்தில் மாறினால்தான் திட்டம் வேலை செய்யும். முதலில் வாங்குபவருக்கு ஒரு பயனும் தராத சரக்கை எந்த விடாமுயற்சியாலும் விற்க முடியாது.

கூப்பர், வூ, டங்கல்பெர்க் ஆகியோர் 1988இல் வெளியிட்ட ஆய்வு நினைவுக்கு வருகிறது. அண்மையில் தொழில் தொடங்கியிருந்த 2,994 பேரிடம் அவர்களுடைய வெற்றி வாய்ப்பைக் கேட்டார்கள். 81 விழுக்காட்டினர் பத்துக்கு ஏழோ அதற்கு மேலோ என்றார்கள். 33 விழுக்காட்டினர் பத்துக்குப் பத்து என்றார்கள். நல்ல தயாரிப்போடு இறங்கியவர்களும் அரைகுறைத் தயாரிப்போடு இறங்கியவர்களும் ஒரே அளவு நம்பிக்கையோடு இருந்தார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. தன்னம்பிக்கை தயாரிப்பின் அளவுமானி அல்ல. லேண்ட் ஒளியியலில் எவரைவிடவும் தயாராக இருந்தார். வாங்குபவரின் கணக்கில் தயாராக இல்லை. இரண்டிலும் அவருடைய நம்பிக்கை ஒரே உயரத்தில்தான் நின்றது.

அப்படியானால் நிறுவனம் எப்படிப் பிழைத்தது? அந்தத் தாளுக்குப் பக்கவாட்டில் வேறு பயன்கள் கிடைத்தன. கேமராக்களுக்கான வடிகட்டியை கோடாக் வாங்கியது. குளிர்கண்ணாடிக்கு அமெரிக்கன் ஆப்டிகல் வாங்கியது. போர்க்காலத்தில் ராணுவம் கண்ணாடிகளும் பல கருவிகளும் கேட்டது. லேண்டின் கனவுக்குச் சம்பளம் கொடுத்தவை அவர் அவ்வளவாகப் பொருட்படுத்தாத சின்னச் சின்ன வியாபாரங்கள்.

இரண்டாம் முயல்: ஏன் இப்போதே பார்க்க முடியாது?

1943 டிசம்பர். லேண்ட் குடும்பத்தோடு சாண்டா ஃபேயில் விடுமுறையில் இருந்தார். மூன்று வயது மகள் ஜெனிஃபர், அப்பா எடுத்த படத்தை ஏன் உடனே பார்க்க முடியாது என்று கேட்டாள். நடந்துகொண்டே யோசித்து, ஒரு மணி நேரத்துக்குள் கேமரா, படச்சுருள், வேதியியல் எல்லாவற்றையும் மனத்தில் அமைத்துவிட்டதாக லேண்ட் பின்னர் சொல்லியிருக்கிறார். இந்தக் கதையை எல்லாரும் சொல்வார்கள். குழந்தை கேட்ட ஒரு கேள்வி, மேதையின் ஒரு மணி நேரம், கையில் கேமரா! அந்த ஒரு மணி நேரத்துக்கு முன்னால் படிகங்களோடும் படலங்களோடும் கழிந்த பதினைந்து ஆண்டுகள் கதையில் இடம் பெறுவதில்லை.

இதை இடருக்கு அஞ்சாத குணத்தின் வெற்றியாகவும் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. போர் முடிந்ததும் ராணுவ ஆணைகள் நின்றன. விற்பனை பாதாளத்துக்குப் போயிற்று. முகப்பு விளக்குக் கதவும் 1947இல் அடைபட்டது. புதிய பொருள் ஒன்று இல்லாவிட்டால் நிறுவனம் சுருங்கி மறைந்திருக்கும். நெருக்கடியில் எடுத்த முடிவைத் துணிச்சல் என்று சொல்வதற்கு முன் மாற்று வழி என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும்.

மேலும், அந்த இடரை லேண்ட் எவ்வளவு பங்கு போட்டார் என்று கவனியுங்கள். கேமராவை வெளி நிறுவனம் ஒன்று தயாரித்தது. படத்தின் நெகட்டிவைத் தயாரித்துத் தந்தது கோடாக். லேண்ட் தமக்கென்று வைத்துக்கொண்டது, வேறு எவராலும் செய்ய முடியாத உடனடி வேதியியலை மட்டும்தான். ஜாவோ, சைபர்ட் இருவரும் லம்ப்கினுடன் சேர்ந்து 2010இல் செய்த இன்னொரு தொகுப்பாய்வு இதோடு ஒத்துப்போகிறது. இடரை விரும்பும் குணம், தொழில் தொடங்க வேண்டும் என்ற எண்ணத்தோடு தொடர்புடையதாக இருந்தது. தொடங்கிய தொழில் எப்படி நடந்தது என்பதோடு தொடர்பு தெரியவில்லை. வாசல்வரை கூட்டிவரும் குணம் வேறு, உள்ளே வேலை செய்யும் குணம் வேறு.

1947 பிப்ரவரி 21 அன்று அமெரிக்க ஒளியியல் கழகத்தின் கூட்டத்தில் லேண்ட் தம்மையே படம் எடுத்து, ஒரு நிமிடத்துக்குள் தாளைப் பிரித்துக் காட்டினார். 1948 நவம்பர் 26 அன்று பாஸ்டனின் ஜார்டன் மார்ஷ் அங்காடியில் கேமரா விற்பனைக்கு வந்தது. விலை 89.75 டாலர். கைவசம் இருந்தவை ஐம்பத்துச் சொச்சம். அன்றே எல்லாம் தீர்ந்துபோயின.

வெற்றிக் கதைகள் இந்த இடத்தில் திரையை இறக்கிவிடும். எனக்கு அதற்கு அடுத்த அத்தியாயம்தான் பிடித்தது. முதல் படங்கள் பழுப்பு நிறத்தில் இருந்தன. மக்கள் கறுப்பு வெள்ளை கேட்டார்கள். 1950இல் கறுப்பு வெள்ளைச் சுருள் வந்தது. சில மாதங்களில் வாங்கியவர்களின் படங்கள் மங்கத் தொடங்கின. சிரித்துக்கொண்டிருந்த முகங்கள் தாளிலிருந்து மெல்ல மறைந்தன. கொஞ்சம் கர்வம் கூடிய ஆய்வாளராக இருந்தால் வாங்கியவர் சரியாக வைத்துக்கொள்ளவில்லை என்று சாதித்திருக்கலாம். லேண்ட் ஆய்வகத்தைத் திருப்பிவிட்டார். படத்தின் மேல் பூசும் ஒரு திரவமும் அதைப் பூசும் பஞ்சும் ஒவ்வொரு சுருளோடும் தரப்பட்டன. அழகான தீர்வு அல்ல. ஒட்டும், வாடை வரும். ஆனால் படம் நின்றது.

அந்தக் கறுப்பு வெள்ளை ஆய்வுக்குப் பொறுப்பேற்று நடத்தியவர் மெரோவி மோர்ஸ். அவர் வேதியியல் படித்தவர் அல்லர். ஸ்மித் கல்லூரியில் கலை வரலாறு படித்தவர். அங்கிருந்து வந்த பெண்களை லேண்ட் தொடர்ந்து வேலைக்கு எடுத்து அறிவியல் வகுப்புகளுக்கு அனுப்பினார். படம் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவருக்கு வேதியியலைக் கற்றுத்தரலாம், தலைகீழாகச் செய்வதுதான் கடினம் என்ற கணிப்பு அது. மனம் திறத்தல் என்ற பண்பு வினாப்படிவத்துக்கு வெளியே எப்படித் தெரியும் என்று கேட்டால் இந்த நியமனங்களைக் காட்டுவேன்.

1963இல் வண்ணப் படம் வந்தது. 1972இல் எஸ்எக்ஸ்-70 வந்தது: மடித்துக் கோட்டுப் பையில் போடக்கூடிய கேமரா, பொத்தானை அழுத்தினால் படம் வெளியே வந்து கண்முன்னே தெளியும். அதற்கு முன் சந்தை ஆய்வு எதையும் லேண்ட் ஏற்கவில்லை. தயாரிப்புச் செலவு மலைக்க வைத்தது. மின்கலங்கள் வெளியிட்ட ஆவி படத்தைக் கெடுத்ததால் மின்கலத்தையும் நிறுவனமே செய்ய வேண்டி வந்தது. பங்கு விலை சரிந்தது. கடைசியில் கேமரா ஜெயித்தது. அந்த ஜெயம், யாரையும் கேட்க வேண்டியதில்லை என்ற பாடத்தை அவருக்குக் கற்பித்துவிட்டது என்பது என் கணிப்பு.

மூன்றாம் முயல்: உடனடித் திரைப்படம்

1977 ஏப்ரலில் பங்குதாரர் கூட்டத்தில் லேண்ட் போலாவிஷனை அறிமுகப்படுத்தினார். வீட்டுத் திரைப்படம் எடுத்து, படச்சுருள் அடங்கிய பேழையை (கேசட்) அதற்கான பெட்டிக்குள் நுழைத்தால், ஒன்றரை நிமிடத்தில் படம் கழுவப்பட்டுத் திரையில் ஓடும். வேதியியல் சாதனையாகப் பார்த்தால் அபாரம். ஆனால் ஒரு பேழை மூன்று நிமிடம்கூட ஓடாது. ஒலி கிடையாது. மங்கலான வெளிச்சத்தில் எடுக்க முடியாது. அந்தப் பெட்டியில் மட்டுமே பார்க்க முடியும். வீட்டு வீடியோ முறைகளான பீட்டாமேக்ஸ் 1975இலும் விஎச்எஸ் 1976இலும் வந்துவிட்டிருந்தன. அழித்து மீண்டும் பதியக்கூடிய காந்த நாடா வீடுகளுக்குள் நுழையத் தொடங்கியிருந்தது. நிறுவனத்தின் தலைவராக 1975 முதல் இருந்த வில்லியம் மெக்கூன் உட்படப் பலருக்கு உள்ளுக்குள் ஐயம் இருந்தது. அந்த ஐயத்தால் ஒன்றும் நிற்கவில்லை. 1979இல் நிறுவனம் ஏறத்தாழ 6.8 கோடி டாலரை நட்டக் கணக்கில் எழுதியது. 1980இல் லேண்ட் முதன்மைச் செயல் அலுவலர் பொறுப்பிலிருந்து விலகினார். 1982இல் நிறுவனத்தோடு இருந்த உறவே முடிந்தது.

இதுவரை உள்ள கதையை வைத்து, வயதாகி மனம் இறுகிவிட்டது, புதிய தொழில்நுட்பம் கண்ணில் படவில்லை என்று எளிதாகத் தீர்ப்பு எழுதிவிடலாம். அந்தத் தீர்ப்பைக் கவிழ்க்கும் செய்தி ஒன்று அரசு ரகசிய ஆவணங்கள் வெளியான பிறகு தெரியவந்தது.

அதிபர் ஐசனோவர் காலத்திலிருந்தே லேண்ட் அமெரிக்க அரசுக்கு உளவுப் படப்பிடிப்பில் ஆலோசகர். யு-2 உளவு விமானத் திட்டத்தின் பின்னால் அவர் இருந்தார். அன்றைய உளவுச் செயற்கைக்கோள்கள் படச்சுருளில் எடுத்து, சுருளைப் பாராசூட்டில் கீழே இறக்கின. நடுவானில் விமானம் அதைப் பிடிக்க வேண்டும். படம் கைக்கு வர நாள்கள் ஆகும். 1971இல் நிக்சன் அரசுக்கு முன் இரண்டு வழிகள் இருந்தன: சுருளையே மேம்படுத்துவது, அல்லது சுருளை அறவே விட்டு மின்னணு முறைக்குத் தாவுவது. தாவுங்கள் என்று வாதாடியவர்களில் முன்னணியில் நின்றவர் லேண்ட். அப்படிப் பிறந்த கேஎச்-11 செயற்கைக்கோள் 1976 டிசம்பரில் ஏவப்பட்டது. போலாவிஷன் மேடையேறியது அதற்கு நான்கு மாதங்கள் கழித்து.

படச்சுருளின் காலம் முடியப்போகிறது என்பதை உலகில் மிகச் சிலரே அறிந்திருந்த ஒரு நாளில், அந்தச் சிலரில் ஒருவர் தம் நிறுவனத்தின் பெயரைப் புதிய படச்சுருளின் மேல் எழுதினார். மனம் திறத்தல் குறைந்துவிட்டது என்று இனிச் சொல்ல முடியாது. வாஷிங்டனில் திறந்திருந்த மனம், போலராய்டு இயங்கிய கேம்பிரிட்ஜில் மூடியிருந்தது. அதே பத்தாண்டில், அதே மனிதரிடம்.

என்ன வேறுபட்டது?

வாஷிங்டனில் லேண்டுக்குக் காக்க வேண்டிய சொத்து எதுவும் இல்லை. அவர் சொன்னதை எதிர்த்து வாதிட, அவருக்கு இணையான அறிவும் வேறு நலனும் கொண்ட ஆட்கள் மேசையைச் சுற்றி இருந்தார்கள். போலராய்டில் அவரே நிறுவனர், இயக்குநர் குழுத் தலைவர், முதன்மைச் செயல் அலுவலர், ஆய்வு இயக்குநர். வேதியியல் அவருடையது, காப்புரிமை அவருடையது, மேடையும் அவருடையது. கேமராவை ஏறத்தாழ அடக்க விலைக்கே கொடுத்து, சுருளில் லாபம் பார்க்கும் கணக்கும் அவருடையதுதான். சுருள் இல்லாத படம் என்பது அந்தக் கணக்கையே கிழித்துப் போடுவது.

மூன்று முயல்களையும் இந்தக் கண்ணோட்டத்தில் திரும்பப் பாருங்கள். முதலாவதில் "முடியாது" என்று சொல்லும் அதிகாரம் மோட்டார் நிறுவனங்களிடம் இருந்தது. கனவு தோற்றது, நிறுவனம் தோற்கவில்லை. இரண்டாவதில் வற்றிய கருவூலமும் மங்கிய படங்களும் ஒவ்வொரு மாதமும் திருத்தம் கேட்டன, பிடிவாதம் கூர்மையடைந்தது. மூன்றாவதில் இடித்துரைப்பார் இல்லை. இருந்தவர்களின் சொல்லுக்கு எடையும் இல்லை. குணம் ஓர் எரிபொருள் போல மூன்றிலும் ஒரே அளவில்தான் எரிந்திருக்கிறது. அது எந்தப் பொறிக்குள் எரிந்தது என்பதே மாறியது.

தொழில்முனைவு ஆய்வாளர் வில்லியம் கார்ட்னர் 1988இல், தொழில்முனைவோர் யார் என்று கேட்பதே தவறான கேள்வி, அவர்கள் செய்வதைப் பாருங்கள் என்று வாதிட்டார். பாதி தூரம் அவரோடு போகலாம். குணத்தை முழுதாகத் துடைத்துவிட்டால் 1950இல் ஆய்வகத்தைத் திருப்பியதும் ஸ்மித் கல்லூரி நியமனங்களும் விளங்காமல் போகும். வேறொருவர் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் அவை நடந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

ஆனால் குணம் என்பது பிறப்போடு முத்திரை குத்தப்பட்ட சரக்கு என்ற எண்ணத்தை விடத்தான் வேண்டும். மேற்கு ஆப்பிரிக்க நாடான டோகோவில் 1,500 சிறு தொழில் உரிமையாளர்களை வைத்து நடத்திய சோதனை 2017இல் வெளியானது. ஒரு குழுவுக்கு வழக்கமான வணிகப் பயிற்சி; இன்னொரு குழுவுக்குத் தானாக முன்வந்து செயல்படும் பழக்கத்தைப் பயிற்றும் வகுப்பு; மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. முன்முயற்சிப் பயிற்சி பெற்றவர்களின் லாபம் பயிற்சி பெறாதவர்களைவிட 30 விழுக்காடு உயர்ந்தது. வழக்கமான பயிற்சியில் உயர்வு 11 விழுக்காடு. அதுவும் புள்ளியியல் கணக்கில் உறுதிப்படவில்லை. முன்முயற்சியை ஒரு குணம் என்று எழுதுகிறோம்; அங்கே அது பாடமாக நடத்தப்பட்டது.

இந்நிகழ்வை வகுப்பில் வைத்துப் பேசுபவர்களுக்கு ஒரு கேள்வியைப் பரிந்துரைக்கிறேன். நீங்கள் 1978இல் போலராய்டின் இயக்குநர் குழுவில் இருக்கிறீர்கள். எஸ்எக்ஸ்-70க்கு நீங்கள் காட்டிய அதே ஐயம் பொய்த்துப்போனதை உங்கள் கண்ணால் பார்த்தவர். இப்போது போலாவிஷனைப் பற்றி உங்களுக்கு அதே ஐயம் எழுகிறது. எதிரே உட்கார்ந்திருப்பவர் முன்பு சரியாக இருந்தவர். நீங்கள் முன்பு தவறாக இருந்தவர். எந்தச் சான்றைக் கேட்பீர்கள், யாரிடம் கேட்பீர்கள்? லேண்டின் குணத்தைக் குறை சொல்லாமல் இதற்கு விடை எழுத வேண்டும் என்பது நிபந்தனை.

லேண்ட் வேலையை விட்டபின் ஓய்வெடுக்கவில்லை. 1980இல் கேம்பிரிட்ஜில் ரோலண்ட் அறிவியல் நிறுவனத்தைத் தொடங்கி, மனிதக் கண் நிறத்தை எப்படி அறிகிறது என்ற பழைய கேள்வியோடு ஆய்வகத்தில் உட்கார்ந்துவிட்டார். அங்கே விற்க வேண்டிய பொருள் எதுவும் இல்லை. 1991 மார்ச் 1 அன்று இறந்தார். போலராய்டு 2001 அக்டோபரில் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது.